கழுத்தளவு தண்ணியில ஆறு கிலோ அப்பா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "உங்கப்பாவை ஏதோ தண்ணியில நடக்க விட்டீங்களாமே, எங்க மாமனாருக்கும் முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, அதுல நெசமாவே பிரயோஜனம் இருக்கா?"ன்னு கேட்டார். போன்ல அரை மணி நேரம் பேசினேன். பேசி முடிச்சதும், இதையே பதிவா போட்டா இன்னும் நாலு பேருக்கு உதவுமேன்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்தருள்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

எங்க வீடு பிள்ளையார்பாளையம். காஞ்சிபுரம் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம், தெரு முழுக்க தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கப்பா நாற்பது வருஷத்துக்கு மேல குழித்தறியில உட்கார்ந்தவர். தறி பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம்: தரையில ஒரு குழி இருக்கும். அதன் விளிம்புல உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள தொங்கப் போட்டு மிதிகட்டையை மாத்தி மாத்தி மிதிக்கணும். கை நாடாவைத் தள்ளும், பலகையை இழுத்து அடிக்கும். முதுகு முன்னால வளைஞ்சே இருக்கும். சாய்ஞ்சுக்க எதுவும் கிடையாது. ஒரு நல்ல கோர்வைச் சேலைக்குப் பதினஞ்சு நாள் கூட ஆகும். வருஷக்கணக்கா இப்படியே இருந்தா இடுப்பும் முட்டியும் என்னத்துக்கு ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1979-ல அத்தி வரதர் குளத்துலேர்ந்து வெளிய வந்தப்ப அப்பாவுக்கு 22 வயசு. சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்தே போய்ப் பார்த்துட்டு, நடந்தே வந்து, மறுபடி தறியில உட்கார்ந்தாராம். நாற்பது வருஷம் கழிச்சு, 2019 ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரை, அதே வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தார். ஊரே திணறின கூட்டம். "இன்னொரு தரம் பார்க்க நான் இருக்க மாட்டேன்டா"ன்னு பிடிவாதமா கிளம்பின அப்பா, வரிசையில பாதியிலேயே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்துட்டார். நானும் இன்னொரு பையனும் தாங்கித்தான் கூட்டிட்டுப் போனோம். அன்னிக்குத்தான் விஷயம் எவ்வளவு முத்திப் போச்சுன்னு எனக்குப் புரிஞ்சது.

2022-ல வலது முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். ஆபரேஷன் அருமையா பண்ணாங்க, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு கையில என்ன கொடுத்தாங்க தெரியுமா? ஒரு ஜெராக்ஸ் பேப்பர். அதுல எட்டு படம். "தினம் மூணு வேளை இதைப் பண்ணச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

அப்பா பண்ணலை. வலி. காலை மடக்கச் சொன்னாலே முகம் கோணும். நான் கத்துவேன், அவர் திருப்பிக் கத்துவார், அம்மா நடுவுல நிப்பாங்க. பக்கத்துல ஒரு இடத்துல கரண்டு வெச்சாங்க, லைட்டு வெச்சாங்க. வெச்ச நேரத்துக்கு இதமா இருக்கும், வீட்டுக்கு வந்தா பழைய குருடி கதவைத் திறடி. ரெண்டு மாசத்துல முட்டி விறைச்சுப் போக ஆரம்பிச்சது. மனுஷன் கட்டிலோட இருந்தார். "காலை மாத்துனானுங்க, ஆளை மாத்த முடியலை பாரு"ன்னு அவரே நக்கல் அடிச்சார்.

அப்பதான் ஒரு இளவயசு இயன்முறை மருத்துவர் (தெரிஞ்சவங்க மூலமா வந்த பொண்ணு) அப்பாவைப் பார்த்துட்டு, "ஐயாவுக்குக் காலை ஊனவே பயமா இருக்கு. தரையில ஆரம்பிச்சா சரிப்படாது. தண்ணியில ஆரம்பிக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

அப்பா: "ஏம்மா, நீச்சல் கத்துக்கற வயசா எனக்கு?"

நீச்சலே இல்லைங்க. இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. தண்ணிக்குள்ள நின்னு, நடந்து, காலை மடக்கி நீட்டிப் பண்ற உடற்பயிற்சி. தலைகூட நனைய வேண்டாம்.

இதுல மாயமந்திரம் ஒண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்துல படிச்ச ஆர்க்கிமிடீஸ்தான். இடுப்பளவு தண்ணியில நின்னா நம்ம எடையில ஏறக்குறைய பாதிதான் காலுக்கு இறங்கும். மார்பளவுல மூணுல ஒரு பங்கு. கழுத்தளவுல பத்துல ஒரு பங்கு. எங்கப்பா 60 கிலோ. கழுத்தளவு தண்ணியில அவர் முட்டி தாங்கற எடை ஆறு கிலோ! தரையில ஒரு அடி வைக்க முடியாத ஆளு அங்க நடக்கறாருன்னா காரணம் இதுதான்.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. தண்ணியில நாம எவ்வளவு வேகமா காலை வீசறோமோ, அதுக்கு ஏத்த மாதிரி அது எதிர்த்து நிக்கும். வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு சுமாரா நாலு மடங்கு. வலிச்சதும் காலை நிறுத்தினா எதிர்ப்பும் அந்த நொடியே நின்னுடும். எடை தூக்கற மெஷின்ல இந்தக் கருணை கிடையாது. அப்புறம் தண்ணியோட அழுத்தம். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும்ங்கிறதால, கீழ் கால்ல அதிகமா அமுக்கும், வீக்கம் வடிய அது உதவும். அதோட, விழுந்துடுவோமோங்கிற பயம் பாதியா குறையும். விழுந்தாலும் தண்ணியிலதானே விழப் போறோம்.

தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கணும். சிகிச்சைக்கான குளத்துல பொதுவா 33-லேர்ந்து 36 டிகிரி செல்சியஸ் வரை வெச்சிருப்பாங்க. நீச்சல் போட்டிக் குளத்துல 25-லேர்ந்து 28 டிகிரிதான். அந்தக் குளிர்ல மூட்டுவலிக்காரங்க இறங்கினா தசை இன்னும் இறுகிக்கும்.

சரி, இவ்வளவு நல்லதுன்னா எங்க போய் இறங்கறது? இங்கதான் காமெடி ஆரம்பம்.

எங்க பெரியப்பா உடனே, "இதுக்கு எதுக்குடா டாக்டரு? சர்வ தீர்த்தக் குளத்துல படியில இறங்கி நிக்கச் சொல்லு, பாவமும் போகும் வாதமும் போகும்"னார். நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்தப் பொண்ணு பதறிட்டாங்க. பாசி பிடிச்ச படி, அடியில எங்க பள்ளம்னு தெரியாத ஆழம், சுத்திகரிக்காத தண்ணி, ஆபரேஷன் பண்ண முட்டி. வேற வினையே வேண்டாம். கோவில் குளத்துல முழுக்கு போடறது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அதை நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அது சிகிச்சை ஆகாது.

ஊர்ல நாங்க தேடின அளவுல, கைப்பிடியும் சரிவுப்பாதையும் வெதுவெதுப்பான தண்ணியும் இருக்கற ஒரு இடம் எங்களுக்குக் கிடைக்கலை. யோசிச்சுப் பாருங்க. கோவிலுக்கு ஒரு குளம் இருக்கற ஊரு. வரதர் நாற்பது வருஷம் தண்ணியிலேயே சயனிச்சிருக்கற ஊரு. எங்கப்பாவுக்கு அரை மணி நேரம் மார்பளவு தண்ணி இல்லை!

கடைசியில சென்னை. போக 75 கிலோமீட்டர், வர 75. வாரத்துக்கு ரெண்டு நாள், எட்டு வாரம். வாடகைக் கார், சிகிச்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் மாசச் சம்பளக்காரன், எப்படியோ சமாளிச்சேன். எங்க தெருவுல இன்னும் தறியில இருக்கறவங்க எத்தனை பேரால இது முடியும்?

முதல் நாள் அப்பா கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அசையவே இல்லை. பத்து நிமிஷம் சும்மா நின்னார். மூணாவது தடவை, கம்பியை விட்டுட்டு நாலு அடி வெச்சார். வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை... ஆபரேஷனுக்கப்புறம் அவர் முகத்துல வலி இல்லாம நான் பார்த்தது அன்னிக்குத்தான். நாலாவது வாரத்துலேர்ந்து தண்ணிக்குள்ளயே ஒரு படிக்கட்டுப் பலகை போட்டு ஏறி இறங்கச் சொன்னாங்க. "ஐயா, தறிக்குழியிலேர்ந்து எழுந்து வர்ற மாதிரி நினைச்சுக்கோங்க"ன்னு அந்தப் பொண்ணு சொன்னதும் மனுஷனுக்கு உற்சாகம் வந்துடுச்சு. தறியில உட்கார்றது கூட அவருக்குப் பிரச்சினை இல்லை, குழியிலேர்ந்து எழுந்திருக்கறதுதான் பிரச்சினை. அதை எங்க யாருக்குமே கேட்கத் தோணலை.

எட்டு வாரம் முடிஞ்சப்ப கைத்தடியோட தெருமுனை டீக்கடை வரைக்கும் போனார். அப்புறம் தரையில பண்ற பயிற்சி. அந்தப் பழைய ஜெராக்ஸ் பேப்பர்ல இருந்த அதே எட்டு படம்தான்! இப்ப பண்ணார்.

நான் சொல்ல வந்த கருத்தே இதுதான். தண்ணிதான் உசத்தி, தரை மட்டம்னு நான் சொல்ல வரலை. 2016-ல காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு இருக்கு. முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானக்காரங்க 1190 பேரை வெச்சு நடந்த 13 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. தண்ணீர்ப் பயிற்சியால வலி குறையுது, ஆனா கொஞ்சமாத்தான், 100-க்கு 5 புள்ளி அளவுல, அதுவும் குறுகிய காலத்துக்குன்னு சொல்லுது. இது தேய்மானத்தைப் பத்தினது, ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கறதைப் பத்தினது இல்லை. இன்னொண்ணு, 2022-ல சீனாவுல நாள்பட்ட இடுப்புவலிக்காரங்க 113 பேரை வெச்சுப் பண்ண ஆய்வு. ஒரு பாதிப் பேருக்கு மூணு மாசம் தண்ணீர்ப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு நம்மூர் மாதிரியே கரண்டும் லைட்டும். ஒரு வருஷம் கழிச்சும் தண்ணிக்காரங்கதான் மேலா இருந்தாங்க. இடுப்புவலிதான் தறிக்காரங்களோட சொத்து, அதனால இதைக் குறிப்பா சொல்றேன்.

ஆக, தண்ணி ஒரு முதல் படி. தரையில ஆரம்பிக்கவே முடியாதவங்களுக்கு ஆரம்பிக்க ஒரு இடம். அந்த முதல் படி இல்லாததால எத்தனை பேர் நல்லா ஆபரேஷன் ஆகியும் கட்டிலோட நின்னுபோறாங்க!

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கதை சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1921-ல இளம்பிள்ளை வாதம்னு கண்டுபிடிச்ச நோயால கால் ரெண்டும் போச்சு. 1924-ல ஜார்ஜியா மாநிலத்துல வார்ம் ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊர்ல இருக்கற வெந்நீர் ஊற்றுக்குப் போனார். ஊற்றுத் தண்ணி ஏறக்குறைய 31 டிகிரி. தண்ணியில அவரால நிக்க முடிஞ்சது. 1926-ல அந்த இடத்தையே விலைக்கு வாங்கி மத்த நோயாளிகளுக்கும் திறந்து விட்டார். கடைசி வரை அவரால பழையபடி நடக்க முடியலை. ஆனா படுத்தும் கிடக்கலை. அதே கதையில ஒரு கறையும் உண்டு. கறுப்பின நோயாளிகளை அங்க சேர்த்துக்கலை. தண்ணி எல்லாருக்கும் பொதுன்னு பேச்சுக்குச் சொல்வோம், யாரை இறங்க விடறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. நம்ம ஊர்க் குளங்களுக்கும் அந்தக் கதை உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை.

அவ்வளவு தூரம் எதுக்கு, வேலூர் நமக்குப் பக்கம்தானே. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ உணர்வே போய், சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் பண்ணவங்க. ஆபரேஷனோட வேலை முடியலை, அதுக்கப்புறம் மனுஷனை வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டு வரணும்னு புரிஞ்சுக்கிட்டு, மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்தாங்க. 1966-ல வேலூர் சி.எம்.சி-யில மறுவாழ்வு நிலையம் வந்தது. 1966! நாம இன்னும் ஜெராக்ஸ் பேப்பர் கொடுத்துட்டிருக்கோம்.

பெரிசா ஒண்ணும் கேட்கலை. 20 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம். கணக்கு போட்டா சுமார் 27,000 லிட்டர். தண்ணி லாரி ரெண்டு நடைக்குக் கொஞ்சம் மேல. வடிகட்டித் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு சோலார் ஹீட்டரே பெரும்பாலும் போதும். சரிவுப்பாதை, ரெண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை, பயிற்சி பெற்ற ரெண்டு பேர். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம். அதே வருஷம் காஞ்சிபுரம் மாநகராட்சியும் ஆச்சு. பட்டுக்கு 2005-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. பட்டு நெய்யற ஆளோட முட்டிக்கும் கொஞ்சம் கவனம் கிடைச்சா தேவலை. அரசாங்கமோ, கூட்டுறவுச் சங்கங்களோ, சேலை வித்துப் பெரியாளான முதலாளிகளோ, யார் பண்ணாலும் சரி. சேலைக்கடை வாசல்ல செயற்கை நீரூற்று வைக்கற செலவுல பாதி வேலை முடிஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தள்ளிப் போட்டேன்.

கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. கரைக்கு இன்னொரு நாடா இருக்கு, அதைத் தள்ள பக்கத்துல இன்னொருத்தர் வேணும். எங்கப்பா தறியில முப்பது வருஷம் அந்த இன்னொருத்தர் எங்கம்மாதான். தறி வேலை, அப்புறம் அடுப்படி, அப்புறம் தண்ணிக் குடம். அம்மாவுக்கும் முட்டி வலி உண்டு. எப்பலேர்ந்துன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா நான் கேட்டதே இல்லை. "நெய்யற ஆளு"ன்னு அப்பாவுக்குத்தான் ஸ்கேன், அப்பாவுக்குத்தான் ஆபரேஷன், அப்பாவுக்குத்தான் சென்னை. எட்டு வாரமும் அம்மா கூடவே வந்து, குளத்தோரம் பெஞ்சுல துண்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எழுந்திருக்கும்போது பெஞ்சை அழுத்திப் பிடிச்சு ரெண்டு தடவை முயற்சி பண்ணி எழுந்ததை நான் கவனிக்கலை. அந்தப் பொண்ணு கவனிச்சாங்க.

கடைசிக்கு முந்தின வாரம், "அம்மா, பெண்களுக்கு மட்டும்னு ஒரு மணி நேரம் இருக்கு. சுடிதாரோட இறங்கலாம், யாரும் பார்க்க மாட்டாங்க. வர்றீங்களா?"ன்னு கேட்டாங்க. அம்மா "ஐயையோ, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னாங்க. அப்பா திரும்பிப் பார்த்து, "போய்த்தான் பாரேன். உள்ள ஒண்ணும் கனக்காது"ன்னார்.

போனாங்க. நான் வெளிய உட்கார்ந்திருந்தேன், பார்க்கலை. அரை மணி கழிச்சு ஈரத்தலையோட வந்து கார்ல உட்கார்ந்தவங்க, ஸ்ரீபெரும்புதூர் தாண்டற வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, "அங்க நிக்கும்போது வலியே இல்லடா"ன்னாங்க.

அதுக்கப்புறம் ரெண்டே தடவைதான் கூட்டிட்டுப் போனேன். அப்பாவோட எட்டு வாரம் முடிஞ்சதும் அதோட நின்னு போச்சு. 75 கிலோமீட்டர், காசு, லீவு, எல்லாம் காரணம்தான். காரணம் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓடிச்சு. ஊருக்குள்ள, நடந்து போற தூரத்துல ஒரு சின்னக் குளம் இருந்திருந்தா, அம்மா என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். துண்டை எடுத்துக்கிட்டு தானே போயிருப்பாங்க.

உங்க ஊர்ல இப்படி ஒரு இடம் இருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எங்க, எப்படிப் போகணும்னு. யாருக்காவது உபயோகமாகும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. தையல் முழுசா ஆறாம, ஆபரேஷன் பண்ண டாக்டர் சரின்னு சொல்லாம தண்ணியில இறங்காதீங்க. காய்ச்சல், திறந்த புண், கட்டுப்படாத வலிப்பு இருந்தா கண்டிப்பா கூடாது. இதயக் கோளாறு உள்ளவங்க கேட்காம இறங்கவே கூடாது, கழுத்தளவு தண்ணியோட அழுத்தத்துல இதயத்துக்குத் திரும்பற ரத்தம் கூடும். தனியா இறங்காதீங்க. கோவில் குளம் வேண்டவே வேண்டாம். பெரியப்பா கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை :-)